பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள்: தொடர்பு அறுந்துபோகாமல், செய்தி தவறிப்போகாமல் பார்த்துக்கொள்ள முழு வழிகாட்டி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதன்பின் எல்லாப் பக்கமிருந்தும் வந்த அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான்: வெளியே போகாதீர்கள், யாரையும் நெருங்காதீர்கள். உயிரைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது. ஆனால் வீட்டுக்குள் அடைந்த பிறகு ஒரு பெரியவர் நாள் முழுக்க யாரோடு பேசுவார், எந்தச் செய்தியை நம்புவார், ராத்திரி மூச்சு வாங்கினால் யாரை அழைப்பார் என்பதையெல்லாம் பெரும்பாலும் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த உலகளாவிய அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்துவிட்டது. அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த பிறகு அவசரத்தில் செய்வதைவிட இப்போதே ஆற அமரச் செய்து வைப்பது எளிது.

பலரும் முதலில் செய்வது புதிதாக ஒரு டேப்லெட் வாங்கி அனுப்புவது. என்னைக் கேட்டால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அவருக்கு ஏற்கெனவே கைவந்த கருவியில், நேரம் தவறாமல் வரும் ஓர் அழைப்பில் தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதன்மேல் ஏறட்டும்.

படி 1: அவருடைய உலகத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்

ஊரடங்குக்கு முந்தைய ஒரு சாதாரண வாரத்தில் அவர் யார் யாரிடம் பேசினார் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எப்படியும் பட்டியலில் வந்துவிடுவார்கள். கவனிக்க வேண்டியது மற்றவர்களை: காலை நடையில் கூட வருபவர், நூலகத்தில் எதிரே உட்காருபவர், முடி வெட்டுபவர், எதிர் வீட்டுத் திண்ணைக்காரர். இருபது வருடம் தினமும் பார்த்துப் பேசிய நண்பராக இருப்பார். ஆனால் அவருடைய போன் எண் இவரிடம் இருக்காது. தேவையே வந்திருக்காது. வெளியே போவது நின்றதும் அந்த நட்பு அப்படியே அறுந்துவிடும். அந்த எண்களைத் தேடி வாங்கிச் சேமித்துக் கொடுப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே செலவில்லாத, பலன் அதிகமான வேலை.

அப்படியே இன்னொன்றையும் கேளுங்கள்: அவர் யாருக்காவது ஏதாவது செய்துகொண்டிருந்தாரா? பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தருவது, குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவைப் பார்ப்பது போல ஏதாவது ஒன்று இருக்கும். இது படி 3இல் கைகொடுக்கும்.

படி 2: காதையும் கண்ணையும் முதலில் பாருங்கள்

“போன் பண்ணினா ரெண்டு வார்த்தைல வெச்சிடறார்” என்று குறைப்படுபவர்கள் உண்டு. அவருக்குப் பேச மனமில்லை என்று நாம் நினைப்போம். உண்மையில் பேசுவது புரியாமல், திரும்பத் திரும்ப “என்ன?” என்று கேட்கக் கூச்சப்பட்டு வைத்திருப்பார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வயதானால் கேட்கும் திறன் எல்லா ஒலிக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. உயர் அதிர்வெண் கொண்ட, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். ச, ஸ, ஃப போன்ற மெய்யொலிகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. உயிரொலிகள் கேட்கும், மெய்யொலிகள் நழுவும். “சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை” என்று அவர்கள் சொல்வது அப்படியே உண்மை. போதாததற்குப் பழைய வகைத் தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தும். காதில் குறைந்ததை இணைப்பும் குறைக்கிறது.

அதனால் கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம் என்று பேசுங்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டால் அதையே மூன்று முறை சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். நல்ல இணையம் இருந்தால் வாட்ஸ்அப் போன்ற செயலி வழி அழைப்பு சாதாரண அழைப்பைவிடத் தெளிவாகக் கேட்க வாய்ப்பு உண்டு. இரண்டையும் முயன்று பார்த்து எது தேவலை என்று அவரிடமே கேளுங்கள். காது கேட்கும் கருவி அணிபவர் என்றால் மாற்று பேட்டரியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சிலருக்குப் போனைக் காதில் வைப்பதைவிட ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தால் நன்றாகக் கேட்கும்.

கண்ணுக்கு: கண்ணாடியின் பவர் மாறி எத்தனை வருடமாயிற்று என்று கேளுங்கள். தொற்று வந்தபின் கண் பரிசோதனைக்குப் போவது கடினம்.

படி 3: நேரம் மாறாத ஓர் அழைப்பு

இந்த இடத்தில் ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 2020இல் அமெரிக்காவின் மத்திய டெக்சாஸ் பகுதியில், வீட்டுக்கே உணவு வரவழைத்துச் சாப்பிடும் நிலையில் இருந்த 240 பேரை வைத்து நடந்தது, பெரும்பாலானோர் வயதானவர்கள். பாதிப் பேருக்கு நான்கு வாரம் போன் அழைப்பு போனது. அழைத்தவர்கள் மருத்துவர்களோ உளவியல் படித்தவர்களோ அல்ல. 17 முதல் 23 வயதுக்குள் இருந்த சாதாரண இளைஞர்கள். அக்கறையோடு கேட்டுப் பேசுவதற்கு மட்டும் கொஞ்சம் பயிற்சி. முதல் ஐந்து நாள் தினமும் அழைத்தார்கள், அப்புறம் வாரத்தில் எத்தனை நாள் வேண்டும் என்பதை அழைப்பு பெற்றவர்களே முடிவு செய்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, அழைப்பு கிடைத்தவர்களிடம் தனிமை உணர்வு, மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் குறைந்திருந்தன. வீடியோ கிடையாது, செயலி கிடையாது. வெறும் குரல்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, தொடக்கத்தில் தினமும் அழையுங்கள். பிறகு எத்தனை நாள் என்பதை அவரே சொல்லட்டும். இரண்டு, பேச்சின் போக்கை அவரிடம் விடுங்கள். “சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, வெளியே போகலையே?” என்று வரிசையாகக் கேட்டால் அது ஆஜர் பட்டியல் வாசிப்பதுபோல ஆகிவிடும். பதிலும் “ம்” என்றுதான் வரும்.

நேரத்தைக் குறித்துவிட்டால் மாற்றாதீர்கள். “ஃப்ரீயா இருக்கும்போது கூப்பிடறேன்” என்று சொல்வது நமக்குச் சாதாரணம்; அந்தப் பக்கம் ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருப்பார். ஒரு நாள் முடியாது என்றால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அண்ணன், தங்கை என்று பலர் இருந்தால் கிழமை பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அழைத்தால் மற்ற ஆறு நாளும் வெறுமையாகக் கிடக்கும்.

முதல் படியில் கேட்டு வைத்த விஷயம் இங்கே வருகிறது. அவர் யாருக்கோ செய்துகொண்டிருந்த வேலையைப் போன் வழியாகத் தொடர வழி செய்யுங்கள். பேத்திக்குக் கணக்கு போனிலும் சொல்லித் தரலாம். பழைய குடும்பப் புகைப்படங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரைக் கேட்டு எழுதலாம். தெரிந்த இன்னொரு முதியவரைத் தினமும் அழைத்து விசாரிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கலாம். இது மிக நன்றாக நடக்கும். விசாரிக்கப்படுபவராக மட்டுமே இருப்பதில் யாருக்கும் சந்தோஷம் கிடையாது.

எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். குறித்த நேரத்தில் எடுக்கவில்லை, அரை மணி கழித்தும் எடுக்கவில்லை என்றால் யாரை அழைப்பது, அந்த வீட்டின் மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது? நடந்தே போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒருவர் இந்தப் பட்டியலில் கட்டாயம் வேண்டும்.

படி 4: போனை அவருக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

ஸ்மார்ட்போன் இல்லாதவர், வேண்டாம் என்பவர் என்றால் இந்தப் படியைத் தாண்டுங்கள். பட்டன் போனில் வேக அழைப்பு எண்களைப் பதிந்து கொடுத்தாலே போதும்.

ஸ்மார்ட்போன் என்றால், “எனக்கு இது வராது” என்று அவர்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் விரலில் இருக்கிறது. தொடுதிரை நம் தோலின் மின்கடத்தலைக் கொண்டு தொடுதலை உணர்கிறது. வயதில் விரல் நுனி வறண்டு போவதால் சில சமயம் திரை அசையாது. அசையவில்லையே என்று அழுத்திப் பிடிப்பார். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு ஐகானை நகர்த்தும், அல்லது ஏதோ ஒரு மெனுவைத் திறக்கும். “ஒண்ணுமே பண்ணலை, தானா போயிடுச்சு” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை செட்டிங்ஸுக்குள் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கும் வசதி இருக்கிறது. அதை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். முகப்புத் திரையின் அமைப்பைப் பூட்டும் வசதியும் பல போன்களில் உண்டு. ரப்பர் முனை கொண்ட தொடுபேனா ஒன்று வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

- எழுத்தின் அளவையும் திரையில் தெரியும் பொருள்களின் அளவையும் கூட்டுங்கள். வாட்ஸ்அப் அரட்டைக்குள் எழுத்தளவை மாற்றத் தனி இடம் உண்டு.
- திரை அணையும் நேரத்தை இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். 30 விநாடியில் அணைந்தால் படித்து முடிப்பதற்குள் இருண்டுவிடும்.
- மணியோசையாகக் கீச்சென்ற இசையை வைக்காதீர்கள். கனமான, தாழ்ந்த ஒலி வையுங்கள். காரணம் படி 2இல் சொன்னதுதான்.
- முகப்பில் அழைப்பு, வாட்ஸ்அப், கேமரா மட்டும் இருக்கட்டும். மற்றவற்றை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.
- தொடர்புப் பட்டியலில் பெயரோடு முகப்படத்தையும் சேருங்கள்.
- போன் மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஆங்கிலச் சொற்களின் இடத்தை வைத்தே பழகியவருக்குத் தமிழ் மெனு குழப்பமாக இருக்கலாம்.

தட்டச்சு வராதவருக்குக் குரல் செய்திதான் பெரிய வரம். மைக் படத்தை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம் என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

படி 5: வீடியோ அழைப்பு, அவசரமில்லாமல்

நேரில் இருக்கும்போதே சொல்லிக் கொடுப்பது உத்தமம். போனை நீங்கள் வாங்கித் “தட், தட்” என்று செய்து காட்டாதீர்கள். போன் அவர் கையிலேயே இருக்கட்டும், விரல் அவருடையதாக இருக்கட்டும், நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று: இன்று அழைப்பை எடுப்பது, நாளை அழைப்பது, கேமராவைத் திருப்புவது அப்புறம். சொல்லி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். “இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க பார்ப்போம்” என்று கேளுங்கள். எந்த இடத்தில் தடுக்கிறதோ அந்த இடம்தான் பாடம்.

தொலைவிலிருந்து சொல்லிக் கொடுப்பது கடினம். அதற்கு ஒரு வழி: உங்கள் போனில் அதே திரையைப் படம்பிடித்து, தொட வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, தாளில் அச்சிட்டு அனுப்புங்கள். போனைப் பார்த்துப் போனைக் கற்பதைவிடத் தாளைப் பார்த்துக் கற்பது அவர்களுக்குச் சுலபம். செயலி புதுப்பிக்கப்பட்டுப் பட்டன் இடம் மாறினால் தாளையும் மாற்ற வேண்டியிருக்கும். எரிச்சல்தான், வேறு வழியில்லை.

அழைக்கும்போது உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அவருக்குத் தெரிவது கருநிழல்தான். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு அது பெரிய இழப்பு. அவர் பக்கம் போனைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பார்க்கப்போவது கூரையையும் பாதி நெற்றியையும்தான். பத்துப் பேர் சேர்ந்து பேசும் குழு அழைப்பை அடிக்கடி வைக்காதீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, நடுவில் அவர் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு வீடியோ சில சமயம் பதற்றத்தைக் கூட்டும்: ஆள் இங்கே இருப்பதுபோலத் தெரிகிறது, தொட முடியவில்லை. அப்படியானால் விட்டுவிடுங்கள். சின்ன அழைப்பாக, “நான் உங்க பையன் பேசறேன்” என்று தொடங்கி, தெரிந்த பழைய பாட்டு, பழைய கதை என்று போனால் போதும். “நான் யாருன்னு தெரியுதா?” என்று சோதிக்கவே வேண்டாம்.

படி 6: செய்தி எங்கிருந்து, எத்தனை முறை

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் மனநலம் குறித்துத் தந்த குறிப்புகளில், தொற்றுச் செய்திகளை நாளில் ஒன்றிரண்டு முறை, குறித்த நேரத்தில் மட்டும் பார்க்கும்படி சொன்னது. நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காலையில் ஒரு செய்தியறிக்கை, மாலையில் ஒன்று. அதற்குமேல் வேண்டாம் என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். ரிமோட்டைப் பிடுங்குவது உதவாது. அந்த நேரத்துக்கு வேறொன்றை ஏற்பாடு செய்தால்தான் நடக்கும்.

மூலம் இரண்டு போதும்: அரசு சுகாதாரத் துறையின் அறிவிப்பு, அவருக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர். இதோடு குடும்பத்தில் ஒருவர் “செய்தி ஆள்” ஆகட்டும். விதிகள் மாறும்போது, தடுப்பூசிக்கான முறை வரும்போது, அவர் அதை நான்கு வரியில் தன் குரலில் சொல்லி அனுப்ப வேண்டும். எல்லாரும் ஆளுக்கொரு சுட்டியை அனுப்பிக் குவித்தால் பெரியவர் எதையும் படிக்க மாட்டார். அந்த நான்கு வரியில் என்ன மாறியது, எப்போதிலிருந்து, அவர் என்ன செய்ய வேண்டும் என்பது இருந்தால் சரி. பீதியூட்டும் எண்ணிக்கைகள் வேண்டாம். அதே சமயம் மறைக்கவும் வேண்டாம். தெரிந்தவர் இறந்த செய்தியை ஒளித்துவைத்து அவர் பிறகு வேறு யார் மூலமோ கேட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

ஃபார்வர்டு செய்திகள் தனி வியாதி. 2020இன் தொடக்க மாதங்களில், சாராயம் குடித்தால் கிருமி சாகும் என்ற வதந்தியை நம்பி ஈரானில் மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வதந்தி விளையாட்டல்ல என்பதற்கு இதைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கும். 2020 ஏப்ரலில் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அந்த நிறுவனம் கட்டுப்படுத்தியது. பெரியவரிடம் ஒரே விதியைச் சொன்னால் போதும்: “ரெட்டை அம்பு இருந்தா முதல்ல எனக்கு அனுப்புங்க, நான் பார்த்துச் சொல்றேன்.” அனுப்பியதும் கேலி செய்யாதீர்கள், குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். தனியாக அழைத்து, “இது சரியில்லைப்பா, காரணம் இது” என்று சொல்லுங்கள். ஒருமுறை அவமானப்பட்டால் அடுத்த தடவை உங்களுக்கு அனுப்பாமல் மற்றவர்களுக்கு மட்டும் அனுப்புவார்.

படி 7: ஏமாற்றுக்காரர்கள்

தொற்றுக் காலத்தில் மோசடிக்கு நல்ல விளைச்சல். தடுப்பூசிப் பதிவு, நிவாரணத் தொகை, ஆஸ்பத்திரியில் படுக்கை என்று எந்தப் பெயரிலும் அழைப்பு வரும். கடைசியில் கேட்பது ஓடிபி, வங்கி விவரம், அல்லது திரையைப் பகிரும் ஒரு செயலியை இறக்கச் சொல்வது. வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டாலும் அதே கதைதான். கொடுத்தால் கணக்கே போய்விடும்.

வாட்ஸ்அப்பில் இரண்டு மாற்றம் செய்யுங்கள்: இரண்டு படிச் சரிபார்ப்பை (two-step verification) போட்டு வையுங்கள், தெரிந்தவர்கள் மட்டுமே குழுக்களில் சேர்க்க முடியும்படி தனியுரிமைப் பகுதியில் மாற்றுங்கள். அப்புறம் குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல். “தாத்தா, ஆபத்துல இருக்கேன், உடனே பணம் அனுப்புங்க” என்று பேரன் குரலிலேயே அழைப்பு வந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். குரலை நகலெடுக்கும் கருவிகள் வந்துவிட்ட காலம் இது. “வெச்சிட்டு என் மகளைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்ற வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள். மரியாதை குறையாமல் போனை வைக்க அது உதவும்.

படி 8: ஒரு தாள்

போன் அணைந்தாலும் அணையாதது இந்தத் தாள்தான். பெரிய எழுத்தில், கறுப்பு மையில், போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். முதல் வரியில் ஆம்புலன்ஸ் எண், அடுத்து நடந்து வரக்கூடியவரின் எண், பிள்ளைகள், மருத்துவர், மருந்துக் கடை. கீழே அவர் சாப்பிடும் மாத்திரைகளும் அளவும், ஒவ்வாமை உள்ள மருந்துகள், இரத்த வகை. ஓடிபி, கடவுச்சொல் எதுவும் இதில் வேண்டாம்.

படி 9: குரலில் வரும் அறிகுறியும் ஆஸ்பத்திரிப் பையும்

தினமும் பேசுவதன் இன்னொரு பயன், மாற்றம் உடனே தெரியும். வயதானவர்களுக்குக் கோவிட் வந்தபோது பலருக்குக் காய்ச்சலே இல்லை. திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது, கீழே விழுவது என்று தொடங்கியது. நேற்று ஒரே மூச்சில் சொன்ன வாக்கியத்தை இன்று நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிச் சொன்னால், கிழமையைக் குழப்பினால், வழக்கத்துக்கு மாறாக அசதியாக இருந்தால், “பார்க்கலாம்” என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். வீட்டில் ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி) இருந்தால், எந்த எண்ணுக்குக் கீழே போனால் அழைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். நுரையீரல் நோய் உள்ளவருக்கு அந்த எண் வேறுபடலாம். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தவறாகக் காட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் உள்ளே யாரையும் விடமாட்டார்கள் என்ற கணக்கில் ஒரு பையை எடுத்து வையுங்கள்: மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவியும் பேட்டரியும், பல்செட், நீளமான வயர் கொண்ட சார்ஜர், படி 8இல் எழுதிய தாளின் நகல். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் இல்லாமல், முகக்கவசம் போட்ட ஊழியர்களுக்கு நடுவில் இருக்கும் முதியவர் தன்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால், அதை வைத்தே அவரைக் குழம்பியவர் என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். “இவருக்கு வலது காது கேட்கும், அந்தப் பக்கம் நின்று பேசுங்கள்” என்று ஒரு வரி தாளில் எழுதியிருந்தால் செவிலியருக்கு மிகவும் உதவும்.

வார்டுக்குக் குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டும் அழைக்கட்டும். எந்த நேரத்தில் அழைத்தால் பேச வசதிப்படும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு அந்த ஒருவர் சொல்லிக்கொள்வார். பெரியவரால் போனைப் பிடிக்க முடியாவிட்டால் குரல் செய்திகளைப் பதிந்து அனுப்பி, நேரம் கிடைக்கும்போது காதருகே ஓடவிடும்படி செவிலியரிடம் கேளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும், தொடக்கத்திலேயே பேசுபவர் தன் பெயரைச் சொல்லிவிடட்டும்.